ஆயக்கட்டு போன ஏரிகள்: பள்ளிக்கரணை நீர்ப்பிடிப்பில் நிலம் கைமாறிய கதை

ஓர் ஏரியைப் பற்றிய அரசுப் பதிவேட்டில் நீர்ப்பரப்பு, கொள்ளளவு, கரையின் நீளம், மதகுகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு ஆயக்கட்டு என்றொரு கட்டமும் இருக்கும். அந்த ஏரியின் நீரால் விளையும் நன்செய் எத்தனை ஏக்கர் என்பதை அந்தக் கட்டம் சொல்லும். சென்னையின் தெற்கே வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று நீளும் ஏரிகளுக்கு இப்போது அந்தக் கட்டத்தில் எந்த எண்ணை எழுதினாலும் அது காகிதத்தில் மட்டுமே உண்மை. மதகுக்குக் கீழே வயல் கிடையாது, வீடுகள்தாம் இருக்கின்றன.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அங்கு வரும் பூநாரைகளைப் பற்றி அதைவிடவும் நிறைய. அந்தச் சதுப்புக்கு நீர் அனுப்பிக்கொண்டிருந்த ஊர்களின் வயல்கள் எப்படிப் போயின, வயல் போனபோது நீரோடு சேர்ந்து வேறு எதுவெல்லாம் காவலற்றுப் போயிற்று, அதன் விலை யார் தலையில் விழுந்தது என்பவற்றை ஒரே தொடராக வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. அந்தத் தொடரைப் பின்பற்றுவதே இந்த ஆய்வின் நோக்கம்.

நீர் இறங்கும் வழி

பள்ளிக்கரணையின் நீர்ப்பிடிப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர். தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள மேட்டு நிலங்களில் பெய்யும் மழை ஒரே பாய்ச்சலில் கடலுக்குப் போய்விடாதபடி முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் அதை வழிநெடுக நிறுத்தி நிறுத்தி அனுப்பின. செம்பாக்கம் நிரம்பினால் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) வழியாக நன்மங்கலத்துக்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கும், பின் நாராயணபுரத்துக்கும், கடைசியில் சதுப்புக்கும் நீர் இறங்கும். ஒவ்வோர் ஏரிக்கும் கீழே அதன் ஆயக்கட்டு. ஆயக்கட்டின் கடைசி வயலைத் தாண்டி வடியும் நீர் அடுத்த ஏரியின் வரத்து. இப்படிச் சேர்ந்த நீரைச் சதுப்பு தேக்கி வைத்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் முட்டுக்காட்டு முகத்துவாரத்துக்கும் மெல்ல விட்டது. ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும் ஒரு நிலப்பகுதியில், அந்த மூன்று மாத நீரைச் சம்பா, நவரை என்ற நெல் போகங்களுக்கும், ஏரியில் மிச்சம் இருந்தால் சொர்ணவாரிப் போகத்துக்கும் பங்கிட்ட ஏற்பாடு அது.

இந்த ஏற்பாட்டில் வயலுக்கு இருந்த இடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நெல் வயல் ஏரி நீரைக் குடிப்பதோடு நிற்கவில்லை. வரப்பு கட்டிய வயலே ஒரு சிறு தேக்கம். ஒரு சாண் நீரைப் பல நூறு ஏக்கரில் நிறுத்தி வைக்கும் அதன் திறனை எந்த வெள்ளத் தடுப்புத் திட்டமும் கணக்கில் எழுதியதில்லை. அதைவிட முக்கியமாக, வயலுக்கு நீர் வேண்டும் என்பதால்தான் ஏரிக்கு ஆள் இருந்தது. நீர்க்கட்டி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும், மதகைத் திறக்கவும் மூடவும், கரையில் நண்டு வளை விழுந்திருக்கிறதா என்று பார்க்கவும், வரத்துக்காலில் மண் சேர்ந்தால் ஊரைக் கூட்டவும் ஒருவர் இருந்தார்.

அந்தப் பழைய ஏற்பாட்டைப் புனிதமாக்கி எழுதும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஊரார் கூடி ஏரியையும் கால்வாயையும் செப்பனிட்ட, குடிமராமத்து என்று இன்று கொண்டாடப்படும் உழைப்பை 1858ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் போட்டுக் கட்டாயமாக்க வேண்டியிருந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் நன்செய் மிராசுதாரர் கையிலும் உழைப்பு சேரிகளின் தோளிலும் இருந்தது. 1891–92இல் மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமென்கீர் பறையர் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை பிறந்தது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட அந்த நிலங்கள் பிற்பாடு எப்படிக் கைநழுவின என்பது தனி ஆய்வுக்குரியது. இங்கே குறிக்க வேண்டியது ஒன்றுதான்: நகரம் இந்த வயல்களைத் தேடி வந்தபோது விலை பேச உட்கார்ந்தவர்கள் பட்டாதாரர்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் போனவர்களும், ஏரி உள்வாயில், அதாவது நீர் நிற்கும் பரப்பில், மாடு மேய்த்தவர்களும், கோரை அறுத்தவர்களும், வலை போட்டவர்களும் அந்தப் பேச்சில் இல்லை. அவர்கள் இழந்ததற்கு ஆவணம் கிடையாது. ஆகவே அந்த இழப்புக்கு விலையும் கிடையாது.

நூறு ஏக்கர் விதி

தமிழ்நாட்டில் ஏரிகளின் நிர்வாகம் ஆயக்கட்டை வைத்தே பிரிக்கப்பட்டிருக்கிறது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுப்பணித் துறையிடம், இப்போதைய நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடம். பாசனம் மட்டுமே ஏரியின் பயன் என்று கருதிய காலத்தில் வகுத்த இந்த அளவுகோல், வயல்கள் மறையத் தொடங்கியபோது விபரீதமான ஒரு முடிவுக்குக் கொண்டு சென்றது. ஆயக்கட்டு இல்லாத ஏரி பயனற்ற ஏரி. பயனற்ற ஏரி காலி நிலம். காலி நிலம் அரசுக்குச் சொந்தம். நீர்நிலைகளின் படுகை அரசின் சொத்து என்று 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. காப்பதற்காகச் சொல்லப்பட்ட உடைமையே கைமாற்றுவதற்கான உரிமையாகவும் பயன்பட்டது.

இதற்கு முன்னோடி நகரத்துக்குள்ளேயே உண்டு. மாம்பலம் பெரிய ஏரியின் பரப்பில் 1923இல் தொடங்கிய வீட்டுமனைத் திட்டத்தில்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சி என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் தாங்கிய சாலை ஒன்று, காட்சி இல்லாமலே இன்னும் இருக்கிறது. அதன் தொடர்ச்சியான நுங்கம்பாக்கம் ஏரியின் இடத்தில் வள்ளுவர் கோட்டம். முகப்பேர், அம்பத்தூர் பக்கங்களில் ஏரி உள்வாயில் அரசே கட்டிய குடியிருப்புகளுக்கு 'ஏரித் திட்டம்' என்று மறைக்காமலே பெயர் வைத்தார்கள். வேளச்சேரி ஏரியிலும் வீட்டு வசதி வாரியத்துக்கும் குடிசை மாற்று வாரியத்துக்கும் நிலம் ஒதுக்கப்பட்டது. ஒரு காலத்தில் 265 ஏக்கராக இருந்த அந்த ஏரி இப்போது சுமார் 55 ஏக்கர்.

மனைப்பிரிவுகளின் காலம்

தாம்பரம், மேடவாக்கம் பக்கத்து வயல்கள் மனைகளானதற்குப் பெருந்திட்டம் எதுவும் தேவைப்படவில்லை. 1980களிலும் 90களிலும் விவசாயக் கூலி உயர்ந்தது. நெல்லின் விலை அதற்கு ஈடு கொடுக்கவில்லை. மேலே உள்ள ஏரியின் வரத்துக்கால் யாரோ ஒருவரின் மனைப்பிரிவுச் சாலைக்கு அடியில் குறுகிய பிறகு கீழே இருந்தவருக்கு நீரும் நிச்சயமில்லை. ஒரு போகம் தரிசாகப் போட்ட வயலுக்குப் பக்கத்து வயலும் அடுத்த ஆண்டு தரிசாகும், ஏனென்றால் ஆள் நடமாட்டம் இல்லாத வயலில் மாடு இறங்கும், எலி பெருகும். தரகர் வந்து சேர்ந்தபோது விற்பதற்கு மனம் ஏற்கெனவே தயாராகியிருந்தது. ஊராட்சித் தலைவரின் கையொப்பமே 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று செல்லுபடியான அந்நாட்களில், கிராம வரைபடத்தில் இருந்த ஓடையும் வண்டிப்பாதையும் மனை வரைபடத்துக்கு வரும்போது கோடுகளாக மெலிந்தன. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது 2016 செப்டம்பரில்தான். மறு ஆண்டே அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்துவிட்டன.

கிழக்கே பழைய மாமல்லபுரம் சாலையில் மாற்றம் வேறு வேகத்தில் நடந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் அந்தச் சாலை ஆறுவழி ராஜீவ் காந்தி சாலையாகி, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் ஆகியவை ஊர்ப் பெயர்களாக இருந்து பேருந்து நிறுத்தங்களாகிவிட்டன. 2011இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது இவை நகரத்துக்குள் வந்தன. ஆனால் அலுவலகக் கட்டடங்கள் எழுந்தபோது குழாய் நீர் வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது லாரி. பாசனக் கிணறு வைத்திருந்தவர்களில் சிலர் நெல்லை விட்டுவிட்டு நீரை விற்கத் தொடங்கினார்கள். ஒரு போகத்துக்கு உழைத்துக் கிடைப்பதைவிட மோட்டாரைப் போட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தால் கூடுதலாகக் கிடைக்கும்போது அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வயலின் கிணறு வற்றியவர் சொல்லலாம். சென்னைப் பெருநகர நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987இலேயே சட்டம் இருக்கிறது. 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு, இந்தச் சாலையில் இருந்த சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோது, லாரிகள் மட்டும் இன்னும் தொலைவிலுள்ள கிராமங்களைத் தேடிப் போயின.

தரிசு என்ற சொல்

சதுப்பின் கதி வயலின் கதியிலிருந்து வேறுபட்டது. வயலுக்காவது தீர்வை இருந்தது. கழுவெளி என்று உள்ளூரில் வழங்கிய சதுப்பு, வரி தராத நிலம். ஆகவே வருவாய்க் கணக்கில் புறம்போக்கு, தரிசு. 1960களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகக் கணிக்கப்படும் அந்தப் பரப்பு, நகரத்துக்கு எது தேவைப்பட்டாலும் எடுத்துக்கொள்ளும் கையிருப்பாயிற்று. 1980களில் பெருங்குடிப் பகுதி மாநகரக் குப்பை கொட்டும் இடமானது. பின்னாளில் அது சுமார் 225 ஏக்கருக்குப் பரவியது. கழிவுநீர் நிலையம் வந்தது. மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்கள் வந்தன. கடல் தொழில்நுட்பத்தையும் காற்றாற்றலையும் ஆராயும் நிறுவனங்கள் சதுப்பைத் தூர்த்த நிலத்தில் அமர்ந்திருப்பதில் உள்ள நகைமுரணைச் சொல்லாமல் போக முடியவில்லை. பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டது. பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கத்துக்குப் போட்ட இருநூறு அடிச் சாலை சதுப்பை இரண்டாகப் பிளந்தது. அணை போட எண்ணாமலே போட்ட அணை அது.

இவை எல்லாம் அரசாணையோடு நடந்தவை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆக்கிரமிப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் வருவது கூவம் கரையிலோ ஏரிக்கரையிலோ உள்ள ஓலைக் குடிசையும் தார்ப்பாயும்தான். 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தின் கீழ் அறிவிக்கை பெறுபவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஒதுக்கீட்டு ஆணை பெற்ற கட்டடத்துக்கு அந்தச் சொல் ஒட்டாது. நீருக்கு அந்த வேறுபாடு தெரியாது என்பது வேறு விஷயம்.

வெள்ளத்துக்குக் குடியேற்றப்பட்டவர்கள்

இந்த நிகழ்வின் கடுமையான பகுதி இனிமேல்தான் வருகிறது. நகரத்தின் நடுவே ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் வாழ்ந்த குடும்பங்களை அகற்றி எங்கே குடியமர்த்துவது என்ற கேள்விக்கு விடையாக, மலிவான அரசு நிலம் இருந்த இந்தத் தாழ்வான தென்பகுதியே தேர்ந்தெடுக்கப்பட்டது. 2000 முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர்: 15,656 வீடுகள். சில ஆண்டுகள் கழித்துச் செம்மஞ்சேரி: 6,764 வீடுகள், ஆழிப்பேரலையில் வீடிழந்த குடும்பங்களும் இங்கு வந்தன. அதன் பின் எழில் நகர், பெரும்பாக்கம் அடுக்குமாடிகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுவதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அனுப்பப்பட்ட இடமோ ஏரிகளின் உபரி நீர் சதுப்பைத் தேடி வரும் பாதை.

ஆற்றங்கரையில் இருந்தபோது வெள்ளம் அபாயமாக இருந்தது. வேலை நடந்து போகும் தூரத்தில் இருந்தது. வீட்டு வேலைக்கும், மீன் விற்கவும், சுமை தூக்கவும், கட்டட வேலைக்கும் போனவர்களுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கிடைத்த அந்த ஓரறை வீடு என்பது விடியலுக்கு முன் பேருந்து பிடிப்பது, பிள்ளையைப் பாதிப் படிப்பாண்டில் பள்ளி மாற்றுவது, பலருக்கு வேலையையே விடுவது. அகற்றப்பட்டவர்களில் தலித் குடும்பங்களின் பங்கு மிகுதி. சில தலைமுறைகளுக்கு முன் இதே செங்கல்பட்டுச் சீமையின் கிராமங்களிலிருந்து நிலமின்றி நகரத்துக்கு வேலை தேடிப் போனவர்களின் வழிவந்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். அந்தக் குடும்பங்களைப் பொறுத்தவரை, வயலாக இருந்தபோது கிடைக்காத மண், வெள்ளக்காடான பிறகு நான்காவது மாடியில் ஓர் அறையாகக் கிடைத்திருக்கிறது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், மேடவாக்கம், வேளச்சேரி ஆகிய பகுதிகள் மூழ்கின. நாராயணபுரம் ஏரியைப் பற்றிய பேச்சு அந்த வாரம் முழுவதும் ஓயவில்லை. "ஏரி உடைஞ்சிடுச்சாம்" என்று கைபேசிகளில் ஓடிய செய்தியைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அதற்கு முந்தைய வாரம் அப்படியொரு ஏரி இருப்பதே தெரிந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். அதே வெள்ளம் எல்லோர் வாசலுக்கும் வந்தது என்று சொல்வதுண்டு. வாசலுக்கு வந்தது உண்மை. அடுக்குமாடிக் குடியிருப்பில் மகிழுந்து மூழ்கியவர் காப்பீட்டுக்கு எழுதினார். மறுவாழ்வுக் குடியிருப்பில் மின்சாரமும் தண்ணீரும் நின்ற பிறகு, மேல் மாடியிலிருந்து இறங்கி வர முடியாத முதியவர் காத்திருந்தார். தினக்கூலியும் அந்த நாட்களில் இல்லை. பெருங்குடிக் குப்பை மேட்டின் புகையும் ஈயும் காலங்காலமாக யாருடைய மூச்சில் போயின என்று பார்த்தாலும் இந்தப் பங்கீடு மாறாது. குப்பையை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கச் சுமார் 350 கோடி ரூபாய்த் திட்டம் எடுத்தது நல்ல செயல். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கான கணக்கு எந்தத் திட்டத்திலும் இல்லை.

எல்லைக்கோடு

2007இல் சதுப்பின் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 8ஆம் தேதியிலிருந்து 1,247.54 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, இடம்பெற்றிருக்கிறது. இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள நிலத்தில்தான் இப்போதைய வழக்குகள் நடக்கின்றன. ராம்சார் வரைபடத்தின் கோட்டுக்குள் எந்தெந்தப் புல எண்கள் விழுகின்றன என்று களத்தில் அளந்து முடிக்கும் முன்பே கட்டுமான அனுமதிகள் தரப்பட்டன என்பது குற்றச்சாட்டு. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அளவீடு முடியும் வரை தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமான அனுமதி கூடாது என்று உத்தரவிட்டது. உடனே கவலை தெரிவித்தவர்கள், சேமிப்பைப் போட்டு அந்த எல்லைக்குள் மனை வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள். அவர்களின் கவலை பொய்யில்லை. அந்த மனைக்குப் பட்டா கொடுத்ததும், சாலை போட்டதும், சொத்து வரி வாங்கியதும் அரசுதானே.

சதுப்புக்கு எல்லை போட்டுவிட்டால் போதும் என்ற எண்ணம் வலுப்பெறுவது எனக்குக் கவலை தருகிறது. கோட்டுக்குள் பறவைகளும் பார்வையாளர் நடைபாதையும் பாதுகாப்பாக இருக்கலாம். ஆனால் சதுப்புக்கு நீர் வருவது செம்பாக்கத்திலிருந்தும் மாடம்பாக்கத்திலிருந்தும் ஒட்டியம்பாக்கத்திலிருந்தும். அங்குள்ள கலங்கலும் போக்குக்காலும் எந்தக் கோட்டுக்குள்ளும் இல்லை. ஏரியின் பயன் பாசனமே என்ற பழைய வரையறை மாறி, நிலத்தடி நீருக்கும் வெள்ளத் தேக்கத்துக்கும் ஓர் ஏரி எவ்வளவு பயன்படுகிறது என்பது ஆயக்கட்டைப் போலவே ஏக்கரிலும் கன அடியிலும் பதிவேட்டில் ஏறும் வரை, அதன் கரையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க எந்தத் தணிக்கையாளரும் ஒப்ப மாட்டார்.

பரந்தூர்

காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரைச் சுற்றிய 13 கிராமங்களில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டதிலிருந்து அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்தின் மக்கள் போராடி வருகிறார்கள். கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேற்றியிருக்கிறார்கள். திட்டத்துக்கு வேண்டிய நிலம் 5,000 ஏக்கருக்கு மேல். அதில் கணிசமான பங்கு நீர்நிலைகள். 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் மாநிலச் சட்டம் இங்கு பயன்படுகிறது. 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்திலிருந்து அந்தச் சட்டத்துக்கு அளித்த விலக்கை உயர் நீதிமன்றம் 2019இல் செல்லாது என்றது; சட்டமன்றம் அதே ஆண்டு புதுச் சட்டம் கொண்டு அதை மீட்டது; 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இதனால் மத்தியச் சட்டத்தின் இழப்பீட்டு அளவுகள் பொருந்தினாலும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. நிலமற்ற கூலிகளும், குத்தகைக்கு உழுபவர்களும், ஏரியில் மீன் பிடிப்பவர்களும் ஆவணத்தில் இடம்பெறச் சட்டம் திறந்து வைத்த வாசல் அந்த மதிப்பீடுதான்.

கம்பன் கால்வாய் அந்த ஊர்கள் வழியாகத்தான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகளுக்குப் போகிறது. கையகப்படுத்தும் பட்டியலில் கால்வாயின் புல எண்ணும் பரப்பும் இருக்கும். ஓடுபாதைக்கு வெளியே, அந்தக் கால்வாய் நீரை நம்பிய ஏரிகளின் ஆயக்கட்டு அந்தப் பட்டியலில் வராது, ஏனென்றால் அங்கிருந்து ஒரு சென்ட் நிலமும் எடுக்கப்படுவதில்லை. அந்த வயல்களில் இப்போதும் நெல் விளைகிறது. அங்குள்ள ஏரிகளின் பதிவேட்டில் ஆயக்கட்டு என்ற கட்டத்தில் எழுதியிருக்கும் எண், இன்றைய தேதிக்கு, உண்மையான எண்.